சும்மா வாங்கத் தெரியாத அப்பா

1

போன மாதம் கை ஒடிந்தது. வாசல் படியில் பனி உறைந்து கிடந்தது, கால் வைத்தேன், அவ்வளவுதான். வலது மணிக்கட்டு. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போன இடத்தில்தான் இந்தக் கூத்து. இந்த ஊரில் நீலத் தொட்டிக்கு ஒரு கிழமை, பழுப்புத் தொட்டிக்கு ஒரு கிழமை. மாற்றி வைத்தால் எடுக்க மாட்டார்கள். தொட்டி மேல் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சீட்டுக்குப் பயந்து ஓடித்தான் விழுந்தேன் என்றும் சொல்லலாம். இப்போது கட்டைப் பிரித்தாயிற்று, ஆனால் கையில் இன்னும் பலம் வரவில்லை. எழுத்து கொஞ்சம் கோணலாக வருகிறது. முன்பும் நேராக வந்ததில்லை, நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள்.

நான் இருப்பது ஸ்காட்லாந்தில், டண்டீ என்ற ஊரில். மகள் எஸ்தர் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வீட்டுக்காரர் காலமான பிறகு என்னையும் அழைத்துக்கொண்டாள். பேத்தி லீனா காலேஜில் படிக்கிறாள். நான் பேசும் தமிழ் அவளுக்கு முக்கால்வாசி புரியும். மீதியைக் கையை ஆட்டிப் புரியவைப்பேன். கை ஒடிந்ததில் அதுவும் கஷ்டமாகிவிட்டது.

கட்டுப் போட்ட மறு வாரம், வயதானவர்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று விசாரிக்க நகராட்சியிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். எஸ்தர் டூட்டியில் இருந்தாள். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தானாகக் குளிக்க முடியுமா? முடியும் என்று என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். துணி உடுத்த முடியுமா? முடியும். சமைக்க? நன்றாகவே முடியும். போதாததற்கு இடது கையால் டீ போட்டுக் கொடுக்க எழுந்தேன். பாதி டீ அவள் பையில் கொட்டியது. அவளும் நல்ல மாதிரி, சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டு, 'உதவி ஒன்றும் தேவையில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் எஸ்தர் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்டி விடறது நானு. தலை வாரி விடறது லீனா. அந்தம்மாகிட்ட எல்லாம் முடியும்னு சொல்லி அனுப்பியிருக்கியே!"

"வெக்கமா இருந்துச்சுடி. முன்ன பின்ன தெரியாதவங்க. அவங்களுக்கு நாம என்னா செஞ்சோம்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். அவங்க சும்மாவே குடுக்கறாங்க."

"அத்த எப்படி வாங்கறதுன்னுதான் தெரியல."

எஸ்தர் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அப்படியே முனியப்பன் தாத்தா!"

"யாரு அது?" என்றாள் லீனா, சீப்பை எடுத்துக்கொண்டே.

அவள் என் தலையை வாரிவிடும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

2

முனியப்பன் என் அப்பா. எங்கள் ஊர் உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. இப்போது அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிப்டுக்குப் போகிறார்களாம். நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நடந்தது. அப்போது ராகி, அவரை, துவரை, இவை தவிர வேறு பேச்சு கிடையாது. சில வருடம் சானமாவுக் காட்டு யானை வந்து அதையும் தின்றுவிட்டுப் போகும்.

முய்யாள் என்றால் என்ன என்று லீனாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஓசூர்ப் பக்கம் அல்லாத வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இன்று நீ என் நிலத்துக்குக் களை எடுக்க வந்தால், நாளை நான் உன் நிலத்துக்கு வருவேன். கூலி கிடையாது, ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள். இப்படித் திருப்பிச் செய்வதுதான் முய், அதற்கு வருகிற ஆள் முய்யாள். உன் வீட்டில் இரண்டு பேர் வந்தால் என் வீட்டிலிருந்தும் இரண்டு பேர். காய்ச்சல் என்றால் நாத்தனாரை அனுப்ப வேண்டும். எங்களைப் போலக் கையகல நிலம் வைத்திருந்தவர்கள் பிழைத்தது இதனால்தான்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. இரண்டு வீட்டுக்குள் மனஸ்தாபம் வந்தால் சண்டை போட மாட்டார்கள். "உன் ஆளு இனிமே வேணாம்" என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு வசவு எங்கள் ஊரில் கிடையாது. உறவே அறுந்தது என்று அர்த்தம்.

அப்பா ஒருவருக்கும் ஒரு நாள் வேலை பாக்கி வைத்ததில்லை. மழை, காய்ச்சல், திருவிழா, எது வந்தாலும் போய் நிற்பார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் முய் பார்க்க மாட்டார். எங்கள் தெருவில் எல்லம்மா என்று ஒரு அம்மாள். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டான். ஏரிக்கரை ஓரம் ஒரு துண்டு நிலம், இரண்டும் பெண் பிள்ளைகள், நண்டும் சிண்டுமாக. திருப்பி அனுப்ப ஆள் கிடையாது. முதல் மழை விழுந்ததும் அப்பா எங்கள் நிலத்துக்கு முன்னால் அவள் நிலத்தைத்தான் உழுவார். ஏன் என்று அம்மா கேட்டால், "அது வேற" என்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

3

அம்மாவும் நானும் இந்தக் கதை நடப்பதற்குச் சில வருடம் முன்பே ஞானஸ்நானம் எடுத்திருந்தோம். எங்கள் கோயில் ஓடு போட்ட ஒரே அறை. மாதத்துக்கு ஒரு முறை கிருஷ்ணகிரியிலிருந்து ஐயர் சைக்கிளில் வருவார். போதகரை எங்கள் சபையில் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். மற்ற ஞாயிறுகளில் ஒரு உபதேசியார் ஜெபம் நடத்துவார். அப்பா ஒரு ஞாயிறு தவறாமல் வந்து கதவோரம் உட்கார்வார். பாட்டை எல்லோரும் முடித்த பிறகு தனியாக ஒரு வரி பாடுவார். ஜெபத்தில் கண்ணீர் விடுவார். எல்லாவற்றையும் நம்பினார். ஞானஸ்நானம் மட்டும் வேண்டாம் என்றார்.

அதற்கு டீக்கடையும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் சீமையிலிருந்து பால்மாவு டப்பா வரும். அதைக் கோயிலில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுப்பார்கள். டீக்கடை கோவிந்தன் அப்பாவைப் பார்த்தால் போதும்: "என்னாப்பா முனியப்பா, நீ எப்ப பால்மாவு வேதக்காரனா ஆவப்போற? எத்தினி டப்பா பேசியிருக்க?" அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவார். எங்கள் வீட்டுக்குள் அந்த டப்பா வந்ததே இல்லை. அம்மாவையும் வாங்கவிட மாட்டார்.

அந்த வருடம் புதிதாக ஒரு ஐயர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம், சின்ன வயது. வந்த முதல் மாதமே அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"முனியப்பா, உனக்கு விசுவாசம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"அப்புறம் என்னப்பா தடை?"

"அவரு எனக்காக உசுரக் குடுத்தாருன்றீங்க. அவ்ளோ பெரிய வேலைக்கு நான் முய் போவணும் இல்லீங்களா? போவாத எப்படிங்க தலைல தண்ணி வாங்கறது?"

ஐயருக்கு முய் புரியவில்லை. ஏதோ கடன் கணக்கு என்று நினைத்துக்கொண்டார். "அது கிருபை, முனியப்பா. நம்ம கிரியைக்குக் கூலியா வர்றதில்ல. சும்மா வர்றது. நம்பி வாங்கிக்கணும், அவ்வளவுதான்."

"சும்மா வாங்கினா அது பால்மாவுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து வந்துவிட்டார்.

அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. பிரசங்கம் நடக்கும்போது ஆடு உள்ளே வந்து ஐயரின் அங்கியைக் கடிக்கும். அப்பா ஊரோரக் கரட்டுக் குன்றிலிருந்து கருங்கல் கொண்டுவந்து சுவர் வைக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. வேலை இல்லாத நாளெல்லாம் கல். சுவர் முடிந்ததும் ஞானஸ்நானம் எடுப்பதாக அம்மாவிடம் சொன்னார்.

"அவரு உசுருக்கு இந்தச் சொவரு ஈடா?" என்றாள் அம்மா.

"ஈடு இல்லதான். ஆனா போயி நின்னன்னு இருக்கணும் இல்ல?"

இந்த இடத்தில் லீனா சீப்பை நிறுத்தினாள். "சும்மா குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே ஆயா? இங்க கடையில ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னா நாம வாங்கறோம் இல்ல?"

"அதுல மொதல் ஒண்ணுக்குக் காசு குடுக்கறோமேடி" என்றேன். அவள் மறுபடி வார ஆரம்பித்தாள்.

4

இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை சாமுவேல், மத்திகிரியில் மாட்டுப் பண்ணையில் வேலை. அவர் அப்பா கிருஷ்ணகிரியில் வாத்தியார். தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்த குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று சாமுவேல் எங்கள் மாட்டைத் தட்டிக்கொடுத்து அதனுடன் பேசிக்கொண்டிருந்தார். என்னுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிற ரகம். பிடித்தது என்று யாரிடம் போய்ச் சொல்ல?

வாத்தியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பொண்ணோட அப்பா ஞானஸ்நானம் எடுத்துக்கட்டும். அதுக்கப்புறம் ஓலை வாசிக்கலாம்." கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பேர் படிப்பார்கள், அதுதான் ஓலை. சுவரோ பாதிதான் எழும்பியிருந்தது. அப்பா வைக்கிற வேகத்தில் அது முடிய இன்னும் ஒரு வருடம் ஆகும். அதுவரை வாத்தியார் காத்திருக்க மாட்டார், வேறு இடம் பார்ப்பார் என்று சேதி வந்தது.

அம்மா ஐயரிடம் போய் அழுதாள். ஐயர் நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தார். கல் சுமந்துகொண்டிருந்த அப்பாவிடம் போய்ச் சிரித்த முகமாகச் சொன்னார். நானும் அங்கே இருந்தேன்.

"முனியப்பா, போதும். கல்லைக் கீழ வை. உன் வேலை எங்களுக்கு வேண்டாம். இனிமே ஒரு கல்கூட வைக்கக்கூடாது. அடுத்த மாதம் நான் வர்றப்ப வெறுங்கையோட வா, ஞானஸ்நானம் தர்றேன்."

அப்பா கல்லைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஐயரை ஒரு தடவை பார்த்தார். வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. "சந்தோஷப்படுவார்னு நெனச்சேனே" என்று என்னிடம் சொன்னார். எனக்குப் புரிந்தது, ஆனால் ஐயரிடம் பேச எனக்கு ஏது தைரியம்? ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன்.

"ஐயரு நம்ம உறவ அறுத்துட்டாரு" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "என் ஆளு வேணாம்னுட்டாரு."

"அவரு அப்படிச் சொல்லலய்யா."

"பொண்ணு நின்னுக்கிட்டுதான இருந்தா, அவளயே கேளு. சொன்னாரா இல்லியாம்மா?"

சொன்னாரே! நான் என்ன சொல்ல? மாட்டுக்கொட்டகைக்குப் போய் அழுதேன். உப்புக்காக மாடு என் கன்னத்தை நக்கியது. அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் அப்பா கோயிலுக்கு வரவில்லை.

5

நடுவில் இங்கத்திய சேதி ஒன்று. எஸ்தர் போன் செய்து கூப்பிட்டதில், நகராட்சி அம்மாள் மறுபடி வந்தாள். பழைய கேள்விகளையே கேட்டாள். குளிக்க முடியுமா? நான் எஸ்தரைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், பிறகு "முடியாது" என்றேன். கொக்கி மாட்ட? முடியாது. சொல்லச் சொல்ல காது மடலெல்லாம் சுட்டது. இப்போது காலையில் ஒரு பெண் வருகிறாள். போலந்து நாட்டுக்காரி. ஜாக்கெட் கொக்கி எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரியாமல் முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் லீனா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். இருந்தும் அவள் கிளம்பும்போது ஒரு டப்பா முறுக்கைக் கையில் திணிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. இரத்தம் அப்படி.

சரி, கதைக்கு வருகிறேன். ஆடியில் மழை பிடித்தது. ராத்திரி முழுக்கப் பெய்து விடிந்ததும் விட்டது. அப்பா வழக்கம்போல ஏரைப் பூட்டிக்கொண்டு எல்லம்மா நிலத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன், விதை தூவ. எல்லம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கை.

"திரும்பிப் போண்ணா."

"ஏன், விதை இல்லியா?"

"விதை கூடையில இருக்குது. உன் ஏருதான் வேணாம்."

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அதே மாதத்தில் இரண்டாவது தடவை அந்த வார்த்தையைக் கேட்கிறார்.

"என்னா எல்லம்மா, நான் எதுனா தப்பாப் பேசிட்டனா?"

"நீ ஒண்ணும் பேசல. எனக்கு முய் வர ஆளு கெடையாது. நான் யாருகிட்டயும் சும்மா வாங்கறதில்ல."

"இத்தினி வருசமா ஓட்றன், இன்னிக்கு என்னா புதுசா?"

"இன்னிக்குத்தான் ரோசம் வந்துச்சு. ஊர்ல இருக்கிற ரோசம் பூரா உனக்குத்தானா? நானும் கொஞ்சம் வெச்சிருக்கன்."

"ஏய், பதம் போயிடும். பொழுதுக்குள்ள காத்து அடிச்சா மண்ணு எறுகிடும். அப்புறம் எங்க போயி வெதைக்கிறது?"

"எறுகட்டும்."

அவள் முகத்தில் சிரிப்பில்லை. அந்தத் துண்டு நிலம் விதைக்காமல் போனால் அந்த வருடம் அவள் பிள்ளைகளுக்குக் களி கிடையாது.

"நான் எப்பவாச்சும் உன்ன முய் கேட்டனாடி?" என்று அப்பா கத்தினார்.

"உங்க சாமி உன்ன கேட்டாரா?"

மாடு இரண்டும் அசை போட்டுக்கொண்டு நின்றன. அப்பா கலப்பை மேழியைப் பிடித்தபடியே நின்றார்.

"அது வேற" என்றார், மெதுவாக.

"என்னா வேற? சாராக்கா கெணத்தாண்ட எல்லாம் சொல்லிச்சு." சாராள் என் அம்மா. "உனக்குக் குடுக்கத் தெரியுது, வாங்கத்தான் தெரியல. குடுக்கறவனுக்கு என்னாண்ணா கஷ்டம்? நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போயிடுவான். வாங்கறவள கேளு. மொத வருசம் நீ ஓட்டிட்டுப் போனப்புறம் வூட்டுக்குள்ள உக்காந்து அழுதன். அடுத்த வருசம் உன் மூஞ்சியப் பாக்கவே கூசிச்சு. அப்புறம் மழை விழுந்தா நீ வருவன்னு தெரிஞ்சுபோச்சு. நான் வெதைய எடுத்துக்கிட்டு வந்து நிப்பன். அவ்ளோதான். நீ வருவன்னு நம்பினன். வேற நான் என்னாத்த செஞ்சன்? சொல்லு, என்னாத்த செஞ்சன்?"

அப்பா கால் கட்டைவிரலால் ஈர மண்ணைக் கிளறினார்.

"நான் வாங்கலாம், நீ வாங்கக்கூடாதா? நீ என்னா என்ன விட ஒசத்தியா?"

"அந்த ஐயரு என் கல்ல வேணாம்னுட்டாரு எல்லம்மா." குழந்தை புகார் சொல்வது போல இருந்தது.

"அவரு ஊர்ல முய்யெல்லாம் கெடையாதோ என்னமோ! வந்து வருசம் ஒண்ணாவல, அந்தாளுக்கு நம்ம வழக்கம் என்னா தெரியும்? கல்லு வேணாம்னா நீ வேணாம்னா ஆயிடும்? கல்லு இல்லாத வான்னுதான சொன்னாரு. உன்ன வான்னுதான சொன்னாரு?"

முதலில் அப்பா மூக்கால் ஒரு சத்தம் விட்டார். இருமுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மேழியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இப்ப ஏரு ஓட்டலாமா, வேணாமா?"

"வெறுங்கையோட போறன்னு சொல்லு. ஓட்டு."

"மழைய வெச்சு மெரட்டறயா?"

"ஆமா, மெரட்டறன். எனக்கு வேற என்னா இருக்குது மெரட்ட?"

"போறன், போறன். ஒதுங்கு, மாடு மிதிச்சிடும்."

அன்று மாலை காற்று அடிப்பதற்குள் விதைத்து முடித்தோம்.

6

ஐயர் வந்த ஞாயிறு அப்பா வெறுங்கையோடு போனார். நிஜமாகவே வெறுங்கை. துண்டைக்கூட வீட்டில் வைத்துவிட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், கடைசியில் இரண்டையும் விரித்துத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். காய்த்துப்போன உள்ளங்கை எனக்குப் பெண்கள் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

"என்ன பேர் வைக்கலாம்?" என்று ஐயர் கேட்டார்.

"அதயும் நீங்களே குடுத்துருங்க. வாங்கறதுன்னு ஆயிப்போச்சு."

கோயிலே சிரித்தது. யோசேப்பு என்று வைத்தார். தலையில் தண்ணீர் விழுந்தபோது அப்பா கண்ணை மூடவில்லை, மழையைப் பார்ப்பது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு என் ஓலை என்று அன்றைக்கே சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். நான் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டேன்.

வரும் வழியில் கோவிந்தன் விடவில்லை. "என்னாப்பா யோசேப்பு, கடைசியில எத்தினி டப்பா குடுத்தாங்க?"

"டப்பா என்னாடா டப்பா" என்றார் அப்பா. "மொத்தமும் சும்மாவே குடுத்துட்டாங்க. நானும் வாங்கிக்கினன். உனக்கும் வேணுமா? கேட்டுச் சொல்றன்."

கோவிந்தன் வாயில் வைத்த பீடி அப்படியே நின்றது. தலை குனியாமல் அப்பா அந்தக் கடையைத் தாண்டியதை அன்றுதான் பார்த்தேன்.

இதைக் கேட்டுவிட்டு லீனா ஒரு கேள்வி கேட்டாள். அவள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறவள். "எல்லாம் சும்மா குடுத்தாச்சுன்னா அப்புறம் எதுக்கு ஆயா நல்லவங்களா இருக்கணும்?" இதெல்லாம் படித்தவர்கள் சொல்ல வேண்டியது. அப்பாவின் ஞானஸ்நானத்துக்கு மறுநாள் காலையில் நான் கண்டதை மட்டும் சொன்னேன்.

ஐயர் அன்று ஊரிலேயே தங்கிவிட்டார். திங்கட்கிழமை விடிந்ததும் கோயில் பக்கம் கல் உடைக்கிற சத்தம். நான் அப்பாவுக்குக் கூழ் கொண்டுபோனேன். ஐயர் பல் குச்சியோடு ஓடி வந்தார்.

"முனியப்பா! யோசேப்பு! நான் என்ன சொன்னேன் உனக்கு? மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

அப்பா நிமிர்ந்தார். "இது முய் இல்லீங்க ஐயரே. அது முடிஞ்சிபோச்சு. சொவரு பாதியில நிக்குது, பாக்கறதுக்கு நல்லா இல்ல. நேத்தும் ஆடு உள்ள வந்துச்சு, நீங்க பாக்கல."

ஐயர் அந்தச் சுவரைப் பார்த்தார். குச்சியை எறிந்தார், வாயைக் கொப்பளித்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து ஒரு பெரிய கல்லைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. இன்னொன்றை இழுத்தார், அதுவும் அசையவில்லை.

அப்பா அவரையே பார்த்தார். ஐயர் தனக்கு ஆளாக வந்து நிற்கிறார். "உங்களுக்கு நான் எப்ப முய்..." என்று வாயெடுத்தார். அப்படியே மூடிக்கொண்டார். என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டு, "அந்தச் சின்னக் கல்ல எடுங்க ஐயரே" என்றார்.